எமன் வந்தான், கட்டியங்காரன் வரவில்லை

(நாமக்கல்லில் ஒரு கலை மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பட்டறை வேலையைச் சற்று முன்னதாகவே முடித்துக்கொண்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓவிய நண்பர்களே,

அபாயத்தைப் பற்றிச் சித்திரம் எழுதுகிறவனுக்கு ஹாஸ்யம் ஆகுமா, ஆகுமென்றால் அந்த ஹாஸ்யம் யாரை நோக்கியதாக இருக்க வேண்டும் என்பதே இன்று எனக்கு விதிக்கப்பட்ட பொருள். அபாயச் சித்திரம் என்பது நம் நாட்டில் சட்டமே கட்டளையிட்டு வளர்த்த ஒரு கலை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 35-ஆம் விதியைப் புரட்டிப் பாருங்கள். அபாயகரமான மின்னழுத்தம் உள்ள இடங்களில் எச்சரிக்கைப் பலகை நிரந்தரமாக மாட்டப்பட வேண்டும், அதில் அந்தந்த ஜில்லாவின் மொழியிலும் எழுத்து இருக்க வேண்டும், மண்டையோடும் எலும்பும் வரையப்பட்டிருக்க வேண்டும் என்று அது சொன்னது. அந்த மண்டையோட்டின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் 2551 என்ற எண்ணுள்ள ஒரு தர நிர்ணயம் உண்டு. ஆனால் ராசிபுரத்துப் பக்கமும் சேந்தமங்கலத்துப் பக்கமும் கிராமங்களில், தகரத்தில் கையால் எழுதி மாட்டிய பழைய பலகைகளைக் கண்டவர்களுக்கு, அந்தத் தர நிர்ணயம் எழுதியவர் கைக்கு எட்டியிருக்குமா என்ற சந்தேகம் எழாமல் இராது. ஒரு மண்டையோடு பல் விளக்கிய பெருமையோடு சிரிக்கிறது. இன்னொன்றுக்குக் கண்குழிகள் சற்று இடம் மாறி, மாறுகண் விழுந்துவிட்டது. வேறொன்று கல்யாணப் பந்தி முடிந்து வெற்றிலை போட்ட முகம்போலச் சிவந்து திருப்தியாகக் காணப்படுகிறது. பலகைக்குக் கீழே, டிரான்ஸ்பார்மர் நிழலில், ஆடு ஒன்று சுகமாகப் படுத்து அசை போடுகிறது. பயப்படுத்துவதற்காக அரசாங்கம் கேட்ட சித்திரத்தை நம் ஓவியன் தன்னை அறியாமலே விநோதச் சித்திரமாக்கிவிட்டான் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். தன்னை அறிந்தே செய்தான் என்பது என் கட்சி.

சித்திரமும் காவலும் இந்த ஊருக்குப் புதிய உறவு அல்ல. மோகனூரில் 1888-இல் ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்த இராமலிங்கம் பிள்ளை, கவிஞர் என்று நாடு அறிவதற்கு முன்னால் தூரிகை பிடித்தவர் என்பதை இங்கே பலரும் அறிவீர்கள். ஆனால் நான் பேச வந்தது பெயர் நிலைத்த ஓவியர்களைப் பற்றியன்று. லாரிப் பாடி கட்டும் தொழிலால் இந்தியா முழுவதும் நாமக்கல் என்ற பெயரைச் சக்கரத்தில் ஏற்றி அனுப்பிய இந்த வட்டாரத்தில், அந்தப் பாடிகளின் பின்கதவில் புலியும் காமதேனுவும் தென்னந்தோப்பும் எழுதி, அவற்றுக்கு இடையே ‘ஒலி எழுப்பவும்’ என்றும், ‘இரவில் டிம் செய்யவும்’ என்றும் எழுதிய கைகளைப் பற்றியே பேச வந்தேன். சாலைப் பாதுகாப்பு என்ற சாஸ்திரத்தைக் கிராமத்து மனிதன் எழுத்துக் கூட்டி வாசித்தது அந்தப் பின்கதவில்தான். அதிலும் ஒரு முரண் பாருங்கள்: எந்த வாசகம் எச்சரிக்கையாகக் கருதப்பட்டதோ அதுவே தொல்லைக்குக் காரணம் என்று கருதி, 2015-இல் மகாராஷ்டிர அரசு, ‘ஹாரன் ஓக்கே ப்ளீஸ்’ என்று லாரிகளில் எழுதுவதைத் தடை செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தேசத்தின் முதுகில் இருந்த ஒரு வாக்கியம், ஓர் ஆணையில் ஒலி மாசு ஆயிற்று.

சமையல் வாயு ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரிகளுக்கு நாமக்கல் தலைநகரம் போன்றது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. அந்த டாங்கரின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ஒரு கட்டம் இருக்கும். அதில் 1075 என்ற எண் எழுதப்பட்டிருக்கும். திரவமாக்கிய பெட்ரோலிய வாயுவுக்கு ஐக்கிய நாடுகள் சபை வைத்த எண் அது. விபத்து நேர்ந்தால், பாஷை தெரியாத தீயணைப்புக்காரரும் அந்த எண்ணைக் கொண்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறிந்து, நீரைப் பாய்ச்சுவதா, ஊரைக் காலி செய்வதா என்று முடிவு செய்யலாம். அத்தனை கம்பீரமான எண்ணுக்குப் பக்கத்தில், டாங்கர் ஒன்றில், ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்ற எழுத்துகளை ஒரு பெரியவர் எழுதிக்கொண்டிருந்ததை நான் பட்டறையில் நின்று பார்த்தேன். பெயிண்ட் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நுனியில் துணிப்பந்து கட்டிய ஒரு குச்சியை இடது கையால் தகட்டில் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் வலது மணிக்கட்டைத் தாங்கவிட்டு, ‘தீ’ என்ற எழுத்தின் சுழியை ஒரே இழுப்பில் இழுத்தார், கை அசையவில்லை. மூக்கில் ஈரிழைத் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தார். தின்னர் வாடைக்கு அந்தப் பட்டறையில் இருந்த பாதுகாப்புச் சாதனம் அது ஒன்றே. காதில் ஒரு பீடி செருகியிருந்தது. டாங்க் புதிது, வாயு கண்டறியாதது, ஆகையால் பெரும் ஆபத்து ஒன்றுமில்லை. என்றாலும் தின்னர் டின் காலடியில் திறந்திருந்தபடியால், ‘அந்தப் பீடி?’ என்று நான் கேட்டேன்.

‘எழுதறப்ப பத்த வெக்க மாட்டனுங்க,’ என்றார் அவர், திரும்பிப் பாராமல். ‘கை ஆடுமுங்க. எழுத்து கோணிப் போயிரும்.’

எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் எந்தப் பலகையும் சாதிக்காததை எழுத்தின் அழகு சாதித்துவிட்டது! தன் நுரையீரலுக்காகவும் பட்டறைக்காகவும் அணைக்காத பீடியை, ஒரு சுழியின் நேர்மைக்காக அவர் அணைத்து வைத்திருந்தார். இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. மனிதன் அபாயத்தை அஞ்சி ஒழுங்காக நடப்பான் என்ற அனுமானத்தின்மேல்தான் நம் எச்சரிக்கைப் பலகைகள் யாவும் எழுப்பப்பட்டிருக்கின்றன. ஆனால் நடைமுறையில் அவன் மானத்துக்கும், கைத்திறனுக்கும், நாலு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சத்துக்குமே அதிகமாகக் கட்டுப்படுகிறான் என்பது அந்தப் பட்டறையில் எனக்குப் புலப்பட்டது.

சட்டம் இல்லாமலா போயிற்று என்பீர்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சுழலும் இயந்திரங்களுக்கு வேலி போட வேண்டும் என்றது. 35-ஆம் பிரிவு, துகள் தெறிக்கும் வேலையில் கண்ணுக்குக் காப்பு வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆயின் அச்சட்டம் பொதுவாக, மின்விசை கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று ஒப்புக்கொண்டது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நான்கு விசைத்தறி போட்டு, புருஷனும் மனைவியும் ஓர் ஆளுமாக இரவு பகலாக ஓட்டும் இடத்தில், தறியிலிருந்து நாடா பிய்த்துக்கொண்டு பறந்தால் கண் போகத்தான் போகும். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே தொழிற்சாலையே இல்லை. பத்தாவது ஆள் வந்து சேரும் வரையில் நாடாவுக்கு எங்கும் பறக்கும் சுதந்திரம் இருந்தது.

சட்டம் எட்டாத இடங்களில் எல்லாம் நம் ஜனங்கள் தாங்களாகவே ஒரு பாதுகாப்பு இலாகாவை ஸ்தாபித்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டிடம் எழும்பும்போது, சவுக்குக் கம்புச் சாரத்தின் உச்சியில் கொத்தனார் வெறுங்காலோடு நிற்பார். வலையும் இராது, இடுப்புக் கயிறும் இராது. ஆனால் மீசை முறுக்கி, கண்ணை உருட்டி, நாக்கைத் தொங்கவிட்ட திருஷ்டிப் பொம்மை மட்டும் தவறாமல் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பொம்மை காவல் காப்பது கட்டிடத்தையே ஒழியக் கொத்தனாரை அல்ல என்பதைக் கவனியுங்கள். இதைவிட விசேஷம் ஆயுத பூஜை. வண்டிக்குக் கண்ணேறு படக்கூடாது, விபத்து நேரக்கூடாது என்று பிரார்த்தித்து, பூசணிக்காயின் தலையை அரிந்து குங்குமம் நிரப்பி, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, நடுச்சாலையில் ஓங்கி உடைக்கிறோம். அன்று இரவு அந்தச் சதைத் துண்டுகளின்மேல் இரு சக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். ‘சாலையில் பூசணிக்காய் உடைக்காதீர்கள்’ என்று வருஷந்தோறும் காவல் துறை கேட்டுக்கொள்வதும், வருஷந்தோறும் நாம் உடைப்பதும் அந்தப் பண்டிகையின் அங்கங்களாகவே ஆகிவிட்டன. ஓர் ஓவியன் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்போம்.

மனிதனை விட்டுச் சற்றுக் கோழியிடம் வருகிறேன். நாமக்கல் கோழிப் பண்ணை ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். உள்ளே நுழையும் வண்டியின் சக்கரங்களுக்கு மருந்து தெளிக்கிறார்கள். நுழையும் மனிதன் கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்துத்தான் போக வேண்டும். அன்னியர் உள்ளே வரலாகாது என்ற பலகை தொங்குவதோடு நில்லாமல் அமலும் ஆகிறது. பொரித்த முதல் நாளே குஞ்சுக்கு மாரெக்ஸ் நோய்த் தடுப்பு ஊசி, பின்னர் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து என்று அட்டவணை பிசகுவதில்லை. அதே பண்ணையில் மூட்டையும் முட்டை அட்டையும் சுமக்கிற ஆளுக்கு என்ன அட்டவணை என்று விசாரித்தால் பதில் சுருக்கமாக இருக்கும். பண்ணைக்காரரை நான் குறை சொல்லவில்லை. கோழிக்கு நேரும் நஷ்டம் யார் கணக்கில் விழும் என்பது ஐயந்திரிபற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அதனால் கோழி பத்திரமாக இருக்கிறது. நஷ்டம் எவன் தலையில் விழுமோ அவனிடம்தான் எச்சரிக்கையைப் பேச வேண்டும். நம் எச்சரிக்கைச் சித்திரங்கள் யாவும் வேறொருவனிடம் பேசிக்கொண்டிருக்கின்றன.

இந்த நியாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு வாரம் என்ற பெயரில் நடந்து, 2021 முதல் மாதமாகவே நீண்டுவிட்ட அந்த விழாவுக்கு வருகிறேன். நாற்சந்தியில் எமதர்மராஜன் வந்து நிற்கிறார். தலையில் அட்டைக் கிரீடம், கையில் கதாயுதம், தோளில் பாசக்கயிறு; சில ஊர்களில் பக்கத்தில் ஏட்டோடு சித்திரகுப்தனும் உண்டு. தலைக்கவசம் இல்லாமல் வருகிறவனை நிறுத்தி, கயிற்றை வீசி, ‘வா என்னோடு’ என்கிறார். உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்ட பிறகு, அதைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்து டாங்குக்குக் கவசம் பூட்டிக்கொண்டு வருகிற ஆசாமி, எமனைக் கண்டதும் அவசரமாக எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறான். ஜனங்கள் சிரிக்கிறார்கள். பத்திரிகைக்காரர் படம் பிடிக்கிறார். எமன் சோடா குடிக்கப் போனதும் கவசம் மீண்டும் டாங்குக்குத் திரும்புகிறது.

வேடம் நம்முடையது, மேடை நம்முடையது. பின் ஏன் அது மனத்தில் தைக்கவில்லை என்று நான் வெகு நாள் யோசித்ததுண்டு. சேலம், தருமபுரிச் சீமைகளில் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். கூத்தில் ராஜா தானாக வந்து நின்றுவிடுவதில்லை. திரைக்கு முன்னால் முதலில் வருகிறவன் கட்டியங்காரன். ராஜாவின் வருகையை அறிவிக்கிறவனும் அவன், வந்த ராஜாவை ‘நீர் யார், எந்த ஊர், இங்கே என்ன வேலை’ என்று குறுக்கு விசாரணை செய்கிறவனும் அவன். துரியோதனன் சபையிலும் அவன் ஒருவனுக்கு மட்டும் வாய்ப்பூட்டு இல்லை. ஊர்க் கிணறு தூர் வாராததையும், மணியக்காரர் கணக்கையும் மகாபாரதத்துக்கு நடுவே இழுத்துவிட அவனுக்கு அதிகாரம் உண்டு. ராஜாவின் கிரீடத்துக்கு எடை தருவது அவன் கேள்விதான். அவன் இல்லாவிட்டால் ராஜா வெறும் அட்டை. நம் சாலைப் பாதுகாப்பு நாடகத்துக்குக் கூத்திலிருந்து எமனைக் கடன் வாங்கியவர்கள் கட்டியங்காரனை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். கேட்கப்படுகிறவன் ஸ்கூட்டர்க்காரன் ஒருவனே. கேட்கிறவரை யாரும் கேட்பதில்லை. ஆதலால் அங்கே எழும் சிரிப்பு, பிடிபட்டவனைப் பார்த்துப் பிடிபடாதவன் சிரிக்கும் சிரிப்பாகிறது. அதற்கு ஆயுள் அரை நாழிகை.

இந்தச் சிரிப்பைப் பிறர் யார்மேல் திருப்பினார்கள் என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்துச் சுகாதார இலாகாவுக்காக ஹெச். எம். பேட்மன் என்ற விகடச் சித்திரக்காரர், கைக்குட்டை இல்லாமல் பொது இடத்தில் தும்முகிறவனையும் அதைக் கண்டு பதறுகிறவர்களையும் வரைந்தார். அது தும்முகிறவனைக் கூச வைக்கும் கலை. அந்த அளவில் நல்லது, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. தென் அமெரிக்காவில், போகோட்டா நகரத்துக்கு 1995-இல் மேயராக வந்த ஆன்டனாஸ் மோக்கஸ் என்ற தத்துவப் பேராசிரியர் ஒரு படி மேலே போனார். நடப்போர் கடக்கும் கோட்டின்மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பேசாமலே பரிகசிக்க, முகத்தில் வெள்ளை பூசிய மௌன நடிகர்களைத் தெருவில் இறக்கினார்; அதோடு தாமும் வேடிக்கையான உடையை மாட்டிக்கொண்டு, உத்தமக் குடிமகன் என்ற வேஷத்தில் நகரத்தில் நடந்தார். மேயரே கோமாளியாகச் சம்மதித்த ஊரில், கோமாளியின் கேலிக்கு ஆளாவதை ஜனங்கள் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2020 மார்ச் மாதக் கடைசியில், ஊரடங்கின் முதல் நாட்களில், சென்னையில் பி. கௌதம் என்ற ஓவியர் ஓர் உடைந்த தலைக்கவசத்தை எடுத்து, காகிதத்தால் சிவந்த முட்கள் செய்து ஒட்டி, கொரோனாக் கிருமியின் வடிவாக்கினார். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்றவர் ராஜேஷ் பாபு என்ற காவல் ஆய்வாளர். கிருமி எங்கே இருக்கிறது என்று கண்ணால் காண முடியாத பீதியில் தேசமே அடைந்து கிடந்தபோது, அது காக்கி உடுப்போடு நடுச்சாலையில் நின்று, வண்டியை மறித்து, ‘வெளியே வந்தால் நான் உன்னோடு வருவேன்’ என்று பேசியது. உலகம் முழுவதும் அந்தப் படம் பரவியது. அந்த நாட்களில் லத்தி வீச்சும் தோப்புக்கரணமும் கூடச் செய்தியாயின; அவற்றை எண்ணி இன்று யாரும் புன்னகை செய்வதில்லை. கௌதமின் கைவேலை கைக்குக் கிடைத்த சாமான்களால் ஆனதுதான்; சிற்ப லக்ஷணம் என்று அதில் அதிகம் இல்லை. ஆனால் அதிகாரத்தின் தலையிலேயே அந்த விநோதத்தைக் கொண்டுபோய்க் கவிழ்த்தாரே, அதுதான் கலை. தலையை நீட்டிக் கொடுத்த ஆய்வாளருக்கும் அந்தக் கலையில் சரிபாதிப் பங்கு உண்டு.

இப்போது நம் வட்டாரத்துக்குத் திரும்புவோம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாயை அறியாத லாரிக்காரர் இந்தச் சபையில் இருக்க மாட்டார். இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டாதீர்கள் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சொல்வது சரி. கியரில் இருக்கும் வரையில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் தள்ளிவிட்டால் அத்தனை டன் பாரத்தையும் கால் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் காய்ந்து, லைனிங் பிடிப்பை இழந்து, கணவாயின் அடியில், மிகவும் வேண்டிய நேரத்தில், பிரேக் இல்லாமல் போகிறது. முன்னால் போகும் கார்களின் கதி அதன் பின் தெய்வத்தின் கையில்.

இதை டிரைவர் அறியாதவரா? நம்மைவிட நன்றாக அறிவார். அறிந்தும் ஏன் செய்கிறார் என்ற கேள்வியை எமன் கேட்பதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தாய் என்று நடை முடிந்து வந்ததும் கணக்குக் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. மைலேஜ் குறைந்தால் முகம் சுளிக்கிற இடம் அது. இறக்கத்தில் மிச்சம் பிடித்த டீசல் அந்தக் கணக்கிலே வரவாகிறது. இதில் மகா விநோதம் என்னவென்றால், இக்காலத்து என்ஜின்களில், கியரில் இறங்கும்போது காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரிந்துகொண்டே இருக்கிறது. மிச்சம் என்று நினைத்து உயிரைப் பணயம் வைக்கிற இடத்தில் மிச்சமும் இல்லை! பழைய என்ஜின் காலத்துச் சாஸ்திரத்தைப் புதிய வண்டியில் பாராயணம் செய்துகொண்டிருக்கிறோம். ஹாஸ்ய ரசத்துக்கு இதைவிடச் செழிப்பான வயல் ஓவியனுக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் தொப்பூரைப் பற்றி இதுவரை என் கண்ணில் பட்ட சித்திரங்களில் எல்லாம் நொறுங்கிய லாரியும் அழுகிற குடும்பமுமே இருக்கின்றன. மேஜையும் கணக்கு நோட்டும் இருக்கிற சித்திரம் ஒன்றையும் காணோம்.

ஆகவே என் விண்ணப்பம் இது. வருகிற ஜனவரியில் நாற்சந்தியில் எமன் நிற்கும்போது, நம் பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றிலிருந்து ஒரு கட்டியங்காரனையும் உடன் நிறுத்த வேண்டும். எமன் டிரைவரின் கழுத்தில் கயிற்றைப் போடும் தறுவாயில் அவன் குறுக்கே வந்து, ‘ஏனுங்க எமராசா, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு கணக்குக் கேட்டவங்க வூட்டுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்தீங்களா?’ என்று கேட்க வேண்டும். விளக்கு எரியாத மேம்பாலத்தைப் பற்றியும், ஆறு மாதமாக மூடாத பள்ளத்தைப் பற்றியும் சித்திரகுப்தன் ஏட்டில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று அவன் எட்டிப் பார்க்க வேண்டும். மேடைக்குப் பின்திரை எழுத, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. டிரைவர், கிளீனர், முதலாளி, இலாகா, போலீஸ் ஆகிய ஐவரையும் அவர்களைப்போல் அருகிருந்து கண்டவர் யார்? சேந்தமங்கலத்துக்கு அப்பால் கொல்லிமலை ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு ஒரு சித்திரம் எழுதினாலும் எழுபது விஷயம் இந்த ஊரில் தேறும்.

காவல் துறை அனுமதி கொடுக்குமா என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கொரோனாவைத் தலையில் சூடிக்கொள்ள ஓர் ஆய்வாளர் கிடைத்த நாட்டில், ஒரு கேள்வியைத் தாங்கிக்கொள்ள ஓர் அதிகாரி கிடைக்காமலா போவார்? லாரி உரிமையாளர்கள் சங்கடப்படுவார்களே என்றால், முதல் அழைப்பிதழை அவர்களுக்கே அனுப்புவோம். கோழியின் நஷ்டத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஊர், டிரைவரின் நஷ்டத்தையும் பார்த்துவிடும். பின்திரைக்கு எத்தனை கஜம் துணி வேண்டும், அதற்குப் பணம் யார் தருவது என்ற விவரங்களைக் கூட்டம் முடிந்ததும் தலைவர் அவர்களும் பட்டறை நண்பர்களும் நானும் வெளியே டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம்.